கைதட்டலோடு பதிந்த பாட்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் மதிய அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பேசக் கூப்பிட்டால் பேசுகிறவனுக்கும் தூக்கம், கேட்கிறவர்களுக்கும் தூக்கம். அதனால் செயலாளர் அண்ணன் "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று சொன்னபோது, "அண்ணே, பாட்டைப் பத்திப் பேசுறேனே" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "பாட்டா? நீ மெக்கானிக்கல்தானேடா?" என்றார். ஆமாம், மெக்கானிக்கல்தான். 2004ல் சேர்ந்து 2008ல் வெளியே வந்தவன். இப்போது கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் அதிர்வுச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, பேரிங் போயிருக்கிறதா, ஷாப்ட் வளைந்திருக்கிறதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. காதை வைத்துப் பிழைக்கிறவன் பாட்டைப் பற்றிப் பேசக்கூடாதா?

என் பைத்தியம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராக், ஜாஸ் இசையில் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள். ஸ்டூடியோவில் நாலு தடவை பாடி, நல்லதைப் பொறுக்கி ஒட்டியது அல்ல. மேடையில், ஜனங்களுக்கு முன்னால் வாசித்ததை அப்படியே பிடித்து வைத்த பதிவுகள். கைதட்டல் இருக்கும், இருமல் இருக்கும், யாரோ விசில் அடிப்பது இருக்கும். "இந்த இரைச்சலுக்கா காசு கொடுத்தே?" என்று என் மனைவி கேட்பாள். அந்தக் கேள்விக்கு வீட்டில் சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கூடவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலாம் ஆண்டு விடுதியில் எங்கள் மாடியில் ஒரு சீனியர் இருந்தார். அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் காலத்தில் விடுதியில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் ஜமீன்தார் மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் அறையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' என்ற ஆல்பத்தைப் போட்டார். அதுவரை எனக்கு இளையராஜாவும் ரகுமானும்தான் உலகம். இது காதில் விழுந்ததும், மொட்டை மாடியில் போய் நின்று திருப்பரங்குன்றம் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பதினேழு வயது.

அந்த ஆல்பத்தின் கதையைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1972 ஆகஸ்ட் 15, 16, 17 தேதிகளில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளில் பதிந்தது. நேரடிப் பதிவு போடுவதில் குழுவினருக்கே பெரிய விருப்பம் இல்லை. ஜப்பான் கம்பெனிக்காரர்கள் கேட்டதற்காக, ஜப்பானில் மட்டும் விற்க என்று ஒப்புக்கொண்டார்கள். எட்டு டிராக் மெஷினில், அதிகச் செலவில்லாமல் எடுத்தது. இன்றைக்கு ராக் இசையில் மிகச் சிறந்த நேரடிப் பதிவு எது என்று பட்டியல் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் போட முடியாது. மொத்தம் ஏழே உருப்படி, சுமார் 77 நிமிடம். அதில் ஒன்று இயான் பெய்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியாக டிரம்ஸ் வாசிப்பது. நம் பாஷையில் சொன்னால் தனி ஆவர்த்தனம். இந்த நிமிடக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, ஸ்டூடியோப் பதிவில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது? நான் யோசித்துப் பார்த்த வரையில், கஷ்டம் இருக்கிறது. கஷ்டத்தை அந்த இடத்திலேயே சமாளிப்பது இருக்கிறது.

1975 ஜனவரி 24. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஆப்பரா மண்டபம். கீத் ஜாரெட் என்ற ஜாஸ் பியானோக் கலைஞர் தனியாக வாசிக்க வேண்டும். கச்சேரியை ஏற்பாடு செய்தது வேரா பிராண்டஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். மண்டபத்தில் அன்றைக்கு ஆப்பரா இருந்ததால், இவருக்குக் கிடைத்த நேரம் ராத்திரி பதினொன்றரை. மேடையில் வந்து பார்த்தால், கேட்ட பியானோ இல்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ நிற்கிறது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லை. வாசிக்க மாட்டேன் என்றவர், கடைசியில் மனசு மாறி உட்கார்ந்தார். நல்ல சத்தம் வருகிற நடு ஸ்தாயியிலேயே பெரும்பாலும் நின்றுகொண்டு, இடது கையால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்த ஓட்டைப் பியானோவிலிருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் இசை எடுத்தார். தனிப் பியானோ ஆல்பங்களில் அதைவிட அதிகம் விற்றது இல்லை என்கிறார்கள். நல்ல பியானோ வந்திருந்தால் அன்றைக்கு வேறு கச்சேரி நடந்திருக்கும். இந்தக் கச்சேரி நமக்குக் கிடைத்திருக்காது.

இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கலாம். "ராத்திரி பதினொன்றரைக்குக் கச்சேரி, மைக் சரியில்லை, ஜெனரேட்டர் நின்றுபோச்சு, வித்வான் விடாமல் பாடினார். இது எங்க ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் நடக்குமே!" என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மணி ஐயர் 1912ல் பிறந்து 1968ல் மறைந்தார். இன்று நாம் அவர் பாட்டு என்று கேட்பதில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் பதிந்ததல்ல. சபாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ரசிகர்கள் ஸ்பூல் மெஷினை வைத்துப் பிடித்த நாடாக்கள். சபையில் சிரிப்பதும், "ஆஹா" என்பதும் அதில் கேட்கும். அந்த ரசிகர்கள் யார்? பெரும்பாலும் பெயர் தெரியாது. ஏதோ ஆபீசில் வேலை பார்த்தவர்கள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து மெஷின் வாங்கியவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மணி ஐயரின் சர்வலகு ஸ்வரம் என்பது நம் தாத்தாக்கள் சொன்ன கதையாகப் போயிருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார் என்பார்கள். அவர் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். கடலைச் சொம்பில் மொண்ட கதை. சொம்புத் தண்ணீரும் கடல் தண்ணீர்தான். ஆனால் அலை இருக்காதே!

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு ராக் குழு. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 முதல், பதிகிறவர்கள் மைக் வைத்து உட்காரத் தனி இடமே ஒதுக்கினார்கள். "நாங்க வாசிச்சு முடிச்சாச்சு, இனி அது உங்களுது" என்பது அவர்கள் கட்சி. இன்று அந்தக் குழுவின் கச்சேரிகளில் ஆயிரக்கணக்கானவற்றைத் தேதிவாரியாகக் கேட்க முடிகிறது. நம் ஊர் ஸ்பூல் மெஷின்காரர்களும் இதே ஜாதிதான், பெயர்தான் யாரும் வைக்கவில்லை.

ஜாஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி நடந்தது. கிடார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். 'சக்தி' என்ற குழுவின் முதல் ஆல்பம் அந்த நேரடிப் பதிவிலிருந்துதான் 1976ல் வந்தது. ராம்நாட் என்றால் நம் ராமநாதபுரம். கடம் என்றாலே நமக்கு மானாமதுரை. அதில் முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். ஆரம்பமே ஓட்டம்தான். ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை யாரோ சரியாக மைக் வைத்துப் பதிந்ததால், ஐம்பது வருஷம் கழித்தும் நாம் முன்வரிசையில் உட்கார முடிகிறது. கல்லூரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அதற்கும் பிறகு வருகிறேன்.

எல்லாம் சரியாகவே நடந்துவிடுவதில்லை. 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. டியூக் எலிங்டன் குழு வாசிக்கிறது. பால் கான்சால்வெஸ் என்ற சாக்ஸபோன்காரர் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி 27 ஆவர்த்தம் விடாமல் வாசிக்கிறார், கூட்டம் எழுந்து ஆடுகிறது. ஆனால் அவர் நின்ற மைக் தப்பு. கொலம்பியா கம்பெனி மைக்குக்குப் பதிலாக, பக்கத்தில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி வைத்திருந்த மைக்கில் வாசித்துவிட்டார். கம்பெனி நாடாவில் அவர் எங்கோ அடுத்த தெருவில் வாசிக்கிற மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள் சில உருப்படிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கச் சொல்லி, கைதட்டலையும் சேர்த்து ஒட்டி ஆல்பம் போட்டார்கள். பல வருஷம் கழித்து வானொலியின் நாடா கிடைத்தது. இரண்டு நாடாவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவைத்து, வேகத்தைச் சரிப்படுத்தி, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் கொடுத்து 1999ல் வெளியிட்டார்கள். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து கான்சால்வெஸ் அடுத்த தெருவிலிருந்து நம் வீட்டுக்குள் வந்தார்.

அதே வானொலி 1957 நவம்பர் 29 அன்று கார்னகி மண்டபத்தில் பதிந்த இன்னொரு நாடாவும் உண்டு. தெலோனியஸ் மங்க் பியானோ, ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன். இருவரும் சேர்ந்து வாசித்தது சில மாதங்கள்தான், பதிவுகளும் சொற்பம். அந்த நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெட்டிக்குள் கிடந்தது. 2005ல், பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருந்த நூலக ஊழியர் ஒருவர் கண்ணில் பட்டது. 48 வருஷம். அந்தப் பெட்டியை யாராவது "பழைய குப்பை" என்று கழித்துக் கட்டியிருந்தால்? அந்த நாடாவின் மேல் வேறு எதையாவது பதிந்திருந்தால்?

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமா சோழவந்தான் பக்கம், வைகைக் கரையோரக் கிராமத்துக்காரர். மில் தொழிலாளி. ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து, தூங்காமல் ரேடியோவில் நாகஸ்வரம் கேட்கிற ஆள். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் தவணையில் பணம் கொடுத்து ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் வாங்கினார். அதை வைத்து 1986 பங்குனித் திருவிழாவில், சாமி புறப்பாட்டின்போது, எங்கள் ஊர்க் கோயில் நாயனக்காரர் வாசித்ததை 90 நிமிடக் கேசட் ஒன்றில் பதிந்தார். அந்த நாயனக்காரர் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. இசைத்தட்டு கொடுத்தவர் இல்லை. ரேடியோவில் வாசித்தவர் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் 'நாயனக்காரத் தாத்தா'. அவ்வளவுதான். ஆனால் மாமா சொல்வார், "மேல வீதி திரும்புறப்போ தோடியை எடுத்தாருடா. சாமியைத் தூக்குனவங்க நகர மாட்டேன்னுட்டாங்க."

நான் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா அந்த டூ-இன்-ஒன்னை எனக்குக் கொடுத்தார். "ஆஸ்டல்ல தனியா இருப்பே, பாட்டுக் கேளு." கூடவே ஒரு பை நிறையக் கேசட். அவற்றில் ஒன்றின் மேல் மை பேனாவில் 'பங்குனி 86' என்று மட்டும் எழுதியிருந்தது.

சீனியர் அறையில் கேட்ட 'மேட் இன் ஜப்பான்' எனக்கு வேண்டும். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, டூ-இன்-ஒன் இருக்கிறது. புதுக் கேசட் வாங்கக் காசு இருந்ததா என்றால், இருந்தது. அதை வைத்துப் பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன். பையில் கைவிட்டு 90 நிமிடக் கேசட் ஒன்றை எடுத்தேன். ரெக்கார்டு பட்டன் அமுங்கவில்லை. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்குமே, உங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிய முடியாது. மாமா இரண்டையும் உடைத்து வைத்திருந்தார். எனக்கு அந்த அளவு விவரம் தெரியும். அதற்கு வழியும் தெரியும். இரண்டு ஓட்டை மேலும் செலோடேப் ஒட்டினேன். பட்டன் அமுங்கியது. சீனியர் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் போட்டு 77 நிமிடத்தையும் ஏற்றிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் இதை யாரும் அழிக்கக்கூடாது என்று தன் கையால் நாக்கை உடைத்து வைக்கிறார். இன்ஜினியரிங் படிக்கிற மருமகன் அரை அங்குல செலோடேப்பில் அதைத் தோற்கடிக்கிறான்.

2005 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நாயனக்காரத் தாத்தா தவறிப் பத்து நாள் ஆகியிருந்தது. மாமா வாசலிலேயே கேட்டார், "தம்பி, பங்குனி 86ன்னு ஒரு கேசட் உன் பையில வந்திருச்சு. அதைக் கொண்டு வந்திருக்கியா? பதினாறாம் நாள் அவர் வீட்ல போடணும்னு அவர் மகன் கேக்குறான்." நான் சொன்னேன், "ஆஸ்டல்ல இருக்கு மாமா, தேடிப் பாக்குறேன்." அப்புறம் கேட்டபோது, "காணோம் மாமா" என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் அந்த வீட்டில் வேறு யாரோ வாசித்த கேசட்டைப் போட்டார்கள். அமெரிக்காவில் மங்க், கோல்ட்ரேன் நாடா கிடைத்த அதே 2005.

விடுதிக்குத் திரும்பி வந்த ராத்திரி, அந்தக் கேசட்டை முதல் தடவையாகக் கடைசி வரை ஓடவிட்டேன். அதுவரை ஆல்பம் முடிந்ததும் திருப்பிப் போட்டுவிடுவேன். இப்போது நிமிடக் கணக்கு. கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆல்பத்தின் முதல் தட்டு 36 நிமிடம். முதல் பக்கத்தில் கடைசி உருப்படி அந்த டிரம்ஸ் தனி. அது முடிகிறது, ஜப்பான்காரர்கள் கைதட்டுகிறார்கள், நான் ஸ்டாப் பட்டன் அமுக்கிய 'டக்' சத்தம் கேட்கிறது. அடுத்த நொடி தவில்! இயான் பெய்ஸ் விட்ட இடத்திலிருந்து எங்கள் ஊர்த் தவில்காரர் எடுக்கிறார். ஒன்பது நிமிடம் அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஆல்பம் 40 நிமிடம். மிச்சம் நாலரை நிமிடம். ஆக, 90 நிமிடத்தில் பதிமூன்றரை நிமிடம் நான் அழிக்காமல் விட்டது. விட்டது என்ன, டீப் பர்ப்பிள்காரர்கள் இன்னும் ரெண்டு பாட்டு வாசிக்காததால் தப்பித்தது. மேல வீதித் தோடி அதில் இல்லை.

அழிந்ததை மீட்க முடியுமா என்று இன்ஜினியர் ஆன பிறகு விசாரித்தேன். முடியாது. நாடாவின் மேல் இருப்பது இரும்பு ஆக்சைடுத் தூள். பதியும்போது அதிலுள்ள காந்தத் துகள்கள் ஒலிக்கு ஏற்றபடி வரிசை கட்டி நிற்கும். ரெக்கார்டு பட்டனை அமுக்கினால், பதிகிற ஹெட்டுக்கு முன்னால் அழிக்கிற ஹெட் ஒன்று அந்த வரிசையைக் கலைத்துக்கொண்டே போகும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நானே உட்கார்ந்து கலைத்திருக்கிறேன்.

மாமாவிடம் உண்மையைச் சொல்லப் பதினாலு வருஷம் ஆயிற்று. 2019ல் அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது, அந்தப் பதிமூன்றரை நிமிடத்தையும் கணினியில் ஏற்றிக் கொண்டுபோனேன். டிரம்ஸின் கடைசிப் பகுதியை வெட்டவில்லை. வெட்டினால் நான் செய்ததை மறைத்தது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மாமா காதில் ஹெட்போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாருடா இது, நல்லா அடிக்கிறானே" என்றார். பெய்ஸுக்கு எங்கள் மாமா கொடுத்த சான்றிதழ். அப்புறம் 'டக்'. தவில். மாமா முகம் மாறியது. ஒன்பது நிமிடமும் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நாக்கை ஒடிச்சு வச்சிருந்தேனேடா" என்றார். "செலோடேப் ஒட்டிட்டேன் மாமா" என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த பக்கம் போடு" என்றார்.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நண்பர்களே, என் ஒரு கேசட்டின் கதை இது. உங்கள் வீட்டுப் பரணில் எத்தனை இருக்கின்றன? கோயில் கச்சேரி, வில்லுப்பாட்டு, ராத்திரி நாடகம், பாட்டி பாடிய தாலாட்டு, அப்பா பேசிய பட்டிமன்றம். கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது 1963ல். நம் கிராமங்களுக்கு வந்தது எழுபது, எண்பதுகளில். அந்த நாடாக்களுக்கு இப்போது நாற்பது வயது. பூஞ்சை பிடிக்கிறது, பசை விட்டுத் தூள் உதிர்கிறது. ஓடவைக்கிற மெஷின் கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது.

என்ன செய்யலாம்? சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ ஜாஸ் விழாவை 1967ல் ஆரம்பித்த குளோத் நோப்ஸ், விழாக் கச்சேரிகளை வருஷா வருஷம் பதிந்து வைத்தார். 1971 டிசம்பரில் அந்த ஊர் காசினோ, கச்சேரி நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. டீப் பர்ப்பிள் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டு அந்தத் தீயைப் பற்றியதுதான். பாட்டில் நோப்ஸும் வருகிறார். அவர் சேர்த்து வைத்தது 5,000 மணி நேரத்துக்கு மேல். 2013ல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தனையையும் கணினிக்கு மாற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? இசைக் கல்லூரி அல்ல. பக்கத்து லோசான் நகரத்தில் இருக்கும் பொறியியல் பல்கலைக்கழகம். நம்மைப் போல நட்டும் போல்ட்டும் படிக்கிறவர்கள்.

அதனால் சங்கத்திடம் என் வேண்டுகோள் இதுதான். நம் கல்லூரியில் ஒரு சின்ன அறை. நல்ல நிலையில் இரண்டு கேசட் டெக், ஒரு ஸ்பூல் மெஷின், ஒலியைக் கணினிக்கு மாற்றும் ஒரு பெட்டி. எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இரண்டு பேருக்கு இது புராஜெக்ட். மெஷின்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு, செலவும் என்னுடையது. வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகு வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாததால்தான் பழைய கேசட் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கிறது. சுருக்காமல் முழுசாகப் பதிந்து, மூன்று பிரதி, மூன்று இடத்தில். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வைக்க வேண்டும். இரைச்சலை நீக்குகிறேன் என்று கைதட்டலையும் குழந்தை அழுகையையும் நீக்கிவிடக் கூடாது. டூ-இன்-ஒன்னில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் ஒன்று உண்டு. தவில் பலமாக விழுந்தால் நாயனம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே வரும். மாமாவின் நாடாவிலும் அது இருக்கிறது. தப்புதான், ஆனால் அதுவும் அந்த ராத்திரி. இருக்கட்டும்.

அறை வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். கேசட்டின் நாக்கு உடைந்திருந்தால், அதை யாரோ வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடவைக்காதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த வருஷம் கொண்டு வாருங்கள்.

மாமாவின் நாடாவில் இரண்டாம் பக்கத்தின் கடைசியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மங்களம் முடிகிறது. தூரத்தில் வெடிச் சத்தம். யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குரல், வாசித்து வாசித்து மூச்சு வாங்குகிற குரல், கேட்கிறது: "பதிஞ்சிருச்சா தம்பி?" மாமாவின் இளவயதுக் குரல் சொல்கிறது: "பதிஞ்சிருச்சுண்ணே, பூராவும் பதிஞ்சிருச்சு."